டோட்டோ-சான்: கோபயாஷி அன்பானவர் மட்டும்தானா?

'டோட்டோ-சான்' என்ற ஜப்பானியப் புத்தகத்தைப் பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. "இப்படி ஒரு வாத்தியார் கிடைச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்று ஒரு பெருமூச்சு. படித்தவர்கள் கண் கலங்குகிறார்கள், அடுத்தவருக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கிறார்கள், அதோடு சரி. எனக்கும் மிகவும் பிடித்த புத்தகம்தான். ஆனால் அந்தப் பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டால் புத்தகத்தில் முக்கால்வாசி கையை விட்டுப் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். சோசாகு கோபயாஷி என்ற அந்தத் தலைமையாசிரியர் அன்பானவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பள்ளியில் நடந்த ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் பின்னால் யோசித்துச் செய்த ஒரு ஏற்பாடு இருக்கிறது, அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் பல வருஷப் படிப்பும் பயிற்சியும் இருக்கிறது. அது தெரிந்து படித்தால் இது வேறு புத்தகமாகத் தெரியும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் ஒன்றாம் வகுப்பு படிக்கிற டோட்டோ-சான் என்ற சிறுமியைப் பள்ளியை விட்டு நீக்கிவிடுகிறார்கள். மேசையின் மூடியை நூறு தடவை திறந்து மூடுகிறாள், பாடம் நடக்கும்போது ஜன்னல் பக்கம் போய் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறாள், கூடு கட்டும் தகைவிலான் குருவிகளிடம் சத்தம் போட்டு "என்ன பண்றே?" என்று கேட்கிறாள். ஆசிரியைக்குத் தாங்க முடியவில்லை. அம்மா தேடி அலைந்து இன்னொரு பள்ளியைக் கண்டுபிடிக்கிறார். அதுதான் டோமோயே. அங்கே வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் முதல் நாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உனக்கு என்னென்ன சொல்லணுமோ எல்லாத்தையும் சொல்லு" என்கிறார். அவள் நாலு மணி நேரம் பேசுகிறாள். அவர் நாலு மணி நேரமும் கேட்கிறார். ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை.

நாவல் மாதிரி ஓடினாலும் இது நடந்த கதை. சிறுமியின் நிஜப் பெயர் டெட்சுகோ குரோயாநாகி, 1933-இல் பிறந்தவர், பின்னாளில் ஜப்பானிய டிவியின் மிகப் பெரிய முகங்களில் ஒருவர்; 1976-இல் தொடங்கிய அவருடைய பேட்டி நிகழ்ச்சி பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1979-லும் 80-லும் ஒரு மகளிர் பத்திரிகையில் தொடராக எழுதியதை 1981-இல் கோடன்ஷா பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. முதல் வருஷத்திலேயே ஜப்பானில் 45 லட்சம் பிரதி. 2023 முடிவில் கின்னஸ்காரர்கள் கணக்கெடுத்தபோது உலகம் முழுக்க 2 கோடியே 51 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்று வெளியிட்டது, அந்த மலிவுப் பதிப்பு வழியாகத்தான் நம்மில் பலர் கைக்கு இது வந்து சேர்ந்தது.

இவ்வளவு விற்றதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் ஜப்பானில் நுழைவுத் தேர்வுப் போட்டி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, நடுநிலைப் பள்ளிகளில் மாணவர்கள் ஆசிரியர்களை அடிப்பதும் கண்ணாடிகளை உடைப்பதும் தேசியப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. பள்ளிக்கூடம் என்றாலே எல்லோருக்கும் கவலையாக இருந்த நேரத்தில், "போர்க்காலத்திலேயே இப்படி ஒரு பள்ளி நம் டோக்கியோவில் இருந்தது" என்று ஒருவர் வந்து சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? அட்டையில் சிஹிரோ இவசாகியின் நீர்வண்ணக் குழந்தை வேறு. அந்த ஓவியர் 1974-லேயே காலமாகிவிட்டார். அவர் வரைந்து வைத்துவிட்டுப் போன குழந்தைப் படங்களிலிருந்து தேடி எடுத்துத்தான் புத்தகத்துக்குப் போட்டார்கள். இந்தக் கதைக்காகவே வரைந்தது மாதிரி இருக்கும்.

சரி, கோபயாஷிக்கு வருவோம். 1893-இல் குன்மா பகுதியில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆற்றங்கரையில் நின்று ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்துக்குத் தாளம் காட்டி விளையாடுவாராம். பள்ளியில் உதவி ஆசிரியர், அப்புறம் டோக்கியோ போய் இசைப் படிப்பு, அப்புறம் செய்கெய் என்ற தொடக்கப் பள்ளியில் இசை ஆசிரியர். இந்தக் கடைசிக் கட்டம் முக்கியமானது. அந்தப் பள்ளியை நடத்திய ஹாருஜி நாகமுரா வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்தார், காலையில் பாடம், மதியம் நடைப்பயணம், செடி சேகரிப்பு, படம் வரைதல், பாட்டு என்று நாளைப் பிரித்தார். டோமோயேவின் அட்டவணையைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும். இது தனி ஒருவரின் கற்பனையில் திடீரென்று முளைத்தது இல்லை. 1910களிலும் 20களிலும் ஜப்பானில் இப்படிப் பல சுதந்திரப் பள்ளிகள் தோன்றின. 1917-இல் தொடங்கிய செய்ஜோ பள்ளி அவற்றில் பேர் பெற்றது, கோபயாஷி பிறகு அதன் மழலையர் பள்ளியை உருவாக்குவதிலும் இருந்தார். டோமோயே நடந்த இடத்திலேயே அவருக்கு முன்னால் வேறொருவர் நடத்திய ஜியுகாவோக்கா என்ற சுதந்திரப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியின் பெயர்தான் இன்றைக்கும் அந்தப் பேட்டைக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயர். அதன் மழலையர், தொடக்கப் பிரிவுகளை ஏற்றுக்கொண்டுதான் 1937-இல் அவர் டோமோயேவைத் தொடங்கினார்.

நடுவில் ஐரோப்பா. 1923-இல் கிளம்பிப் போய்ப் பல பள்ளிகளைப் பார்த்தவர், பாரிஸில் எமில் ஜாக்-டால்க்ரோஸின் முறையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். டால்க்ரோஸ் ஜெனீவாவின் இசை ஆசிரியர். தன் மாணவர்கள் விரலில் தவறு இல்லாமல் வாசிக்கிறார்கள், ஆனால் தாளம் உடம்புக்குள் இறங்கவே இல்லை என்பதைக் கவனித்தவர். அதனால் நடக்கவிட்டார். பியானோவில் வேகம் மாறினால் நடையும் மாற வேண்டும், கை ஒரு தாளம் போட வேண்டும், கால் இன்னொன்று. புத்தகத்தில் டோமோயே பிள்ளைகள் கூடத்தில் இப்படித்தான் நடக்கிறார்கள், தலைமையாசிரியர் பியானோவிலிருந்து தாளத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். படிக்கும்போது விளையாட்டு வகுப்பு மாதிரி தோன்றும் அந்த அத்தியாயத்தை நான் புத்தகத்தின் சாவியாகவே பார்க்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியாத ஒரு குழந்தைக்கு, "அசையாதே" என்று சொல்வதற்குப் பதிலாக, கேட்டு அசையக் கற்றுக்கொடுக்கிற முறை இது. காது கொடுத்தால்தான் கால் சரியாக விழும். அதாவது கவனம் என்பதையே உடம்பு வழியாகப் பழக்குகிறார். பழைய பள்ளியில் டோட்டோ-சானுக்கு எது குற்றமாக இருந்ததோ, அதே துறுதுறுப்புதான் இங்கே பாடத்துக்கு மூலப்பொருள்.

வகுப்பறையும் அப்படித்தான். டோட்டோ-சானின் வகுப்பில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள், தொடக்கப் பள்ளி முழுவதற்கும் சுமார் ஐம்பது பேர். தினமும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். காலையில் ஆசிரியை அன்றைய எல்லாப் பாடங்களின் கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவார், எதில் தொடங்குவது என்பது பிள்ளையின் விருப்பம். ஒருவன் கட்டுரை எழுதுகிறான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன் குடுவையில் எதையோ கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும் முடித்துவிட்டால் மதியம் வெளியே நடக்கப் போகலாம். கேட்பதற்கு வெறும் சுதந்திரமாகத் தெரியும். ஆனால் ஆசிரியர் பக்கம் நின்று பாருங்கள்: எந்தக் குழந்தை எதை முதலில் எடுக்கிறது, எதைக் கடைசிவரை தள்ளிப் போடுகிறது, எங்கே திணறி எழுந்து வந்து கேட்கிறது என்பதெல்லாம் நாள் தவறாமல் கண்முன்னால் தெரிந்துகொண்டே இருக்கும். பரீட்சை வைக்காமலே ஒவ்வொரு பிள்ளையையும் தெரிந்துகொள்கிற வழி. நடைப்பயணமும் ஊர்சுற்றல் இல்லை. கடுகுச் செடிப் பூவின் முன்னால் நின்று மகரந்தம் எப்படிச் சேர்கிறது என்று ஆசிரியை பேசுகிறார், கோயிலுக்குப் போகிற வழியில் வரலாறு வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

சாப்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும். டோமோயேவில் மதியச் சாப்பாட்டு டப்பாவில் கடலிலிருந்து ஏதாவது ஒன்று, மலையிலிருந்து ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மலை என்றால் நிலத்தில் விளைவதும் வளர்வதும் எல்லாம் சேர்த்தி. தலைமையாசிரியர் மேசை மேசையாக வந்து எட்டிப் பார்ப்பார், பின்னாலேயே அவர் மனைவி இரண்டு பாத்திரங்களோடு வருவார், ஒன்றில் கடல், ஒன்றில் மலை. யார் டப்பாவில் எது இல்லையோ அதை அவர் வைத்துவிடுவார். சத்துணவு பற்றிப் பெற்றோருக்கு நீளமாகப் பாடம் எடுத்திருக்கலாம். எடுத்தால் என்ன ஆகும்? முடிந்தவர்கள் செய்வார்கள், முடியாதவர்கள் கூசிப்போவார்கள். இந்த விதியில் பணக்கார டப்பா, ஏழை டப்பா என்ற பேச்சே எழவில்லை. ஒரு கருவாட்டுத் துண்டும் கடல்தான், விலை உயர்ந்த மீனும் கடல்தான். பிள்ளைகள் அடுத்தவர் டப்பாவைப் பொறாமையோடு பார்க்காமல், "உன்னோட கடல் என்ன?" என்று ஆசையாக எட்டிப் பார்க்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஊட்டச்சத்தும் தெரிந்திருக்கிறது, குழந்தைகளின் மானமும் தெரிந்திருக்கிறது.

அந்த மானம் என்ற விஷயத்தைத்தான் அவர் எல்லா இடத்திலும் காப்பாற்றிக்கொண்டே போகிறார். தகாஹாஷி என்று ஒரு பையன், அவன் உடம்பு அதற்கு மேல் வளராது. பள்ளி விளையாட்டு விழாவில் எல்லாப் பந்தயத்திலும் அவன்தான் முதல். எப்படி? துணியில் செய்த பெரிய கெண்டை மீனுக்குள் வாய் வழியாக நுழைந்து வால் வழியாக வெளியே வர வேண்டும், சின்ன உடம்புக்குச் சுலபம். கூடத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும், படிகள் தாழ்வானவை, தாவக் கூடாது. நீண்ட கால்கள் தடுமாறுகின்றன, குட்டைக் கால்கள் இயந்திரம் மாதிரி ஏறுகின்றன. யாரும் அவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோரும் உயிரைக் கொடுத்து ஓடித் தோற்றார்கள். விட்டுக்கொடுத்திருந்தால் அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், அந்த வெற்றி செத்துப்போயிருக்கும். பரிசு முள்ளங்கி, கீரைக்கட்டு போன்ற காய்கறிகள். பிள்ளைகள் சிணுங்கியபோது, இன்றைக்கு இதை வீட்டில் சமைக்கச் சொல்லுங்கள், குடும்பத்துக்கு நீங்கள் சம்பாதித்துக் கொண்டுபோன சாப்பாடு இது என்று சொல்லி அனுப்புகிறார்.

அதே தகாஹாஷியை வைத்து இன்னொரு காட்சி, நிறையப் பேர் கவனிக்காமல் தாண்டிப் போவது. மனிதர்களுக்கு ஆதியில் வால் இருந்தது என்று பாடம் நடத்தும்போது, வகுப்பு ஆசிரியை விளையாட்டாக அவனைப் பார்த்து, உனக்கு இன்னும் வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். மாலையில் டோட்டோ-சான் சமையலறைப் பக்கம் போகும்போது உள்ளே தலைமையாசிரியர் கோபமாகப் பேசுவது கேட்கிறது. அந்தக் கேள்வி அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா என்கிறார். ஆசிரியை அழுகிறார். ஏன் சமையலறை? ஆசிரியர் அறையில் வைத்துக் கேட்டிருந்தால் மற்ற ஆசிரியர்கள் முன்னால் அவருக்கு அவமானம். பையனின் மானத்துக்காகக் கோபப்படுகிற அந்த நேரத்திலும் ஆசிரியையின் மானத்தை அவர் மறக்கவில்லை. டோட்டோ-சானுக்கு இது அப்போது முழுதாகப் புரியவில்லை, அவர் உண்மையிலேயே நம் பக்கம் இருப்பவர் என்று மட்டும் மனதில் பதிந்துவிடுகிறது.

பர்ஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பிடித்தமான பர்ஸ் கழிப்பறைக்குள் விழுந்துவிடுகிறது. அந்தக் காலத்து எடுப்புக் கழிப்பறை, கீழே மலத்தொட்டி. டோட்டோ-சான் நீளப் பிடி போட்ட கரண்டியைக் கொண்டுவந்து, தொட்டியில் இருப்பதை எல்லாம் வெளியே அள்ளிக் குவிக்க ஆரம்பிக்கிறாள். அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார், பதிலைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். மறுபடி வரும்போது குவியல் மலைபோல இருக்கிறது. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய், இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறார். பர்ஸ் கிடைக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் திரும்பப் போடுகிறாள், நனைந்த மண்ணைக்கூடச் சுரண்டிப் போடுகிறாள். திட்டவில்லை என்பதைத்தான் நாம் வழக்கமாகப் பாராட்டுகிறோம். அவர் உதவியும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலையை அவளிடமே விட்டார், முடித்து வைக்கும் பொறுப்பையும் அவளிடமே விட்டார். இதற்கு அன்பைவிடத் தன்னடக்கம் நிறைய வேண்டும்.

இதெல்லாம் ஏற்பாடு என்று நமக்கு ஏன் சட்டென்று தெரிவதில்லை? குரோயாநாகி எழுதிய விதம் அப்படி. தன் கதையையே அவள், அவள் என்று படர்க்கையில் சொல்கிறார், ஏழு வயதுக் கண்ணின் உயரத்திலேயே நிற்கிறார். குழந்தைக்கு ரயில் பெட்டி தெரியும், அதை அங்கே கொண்டுவந்து வைத்த காரணம் தெரியாது. அங்கங்கே மட்டும், வளர்ந்த பிறகுதான் புரிந்தது என்று ஒரு வரி வரும். பள்ளியை விட்டு நீக்கப்பட்டதே அவருக்கு இருபது வயது தாண்டிய பிறகுதான் தெரியுமாம், அம்மா அதுவரை மூச்சே விடவில்லை. வேறு பள்ளிக்குப் போகலாமா என்று சாதாரணமாகக் கேட்டாரே தவிர, அந்தப் பழியைப் பிள்ளை தலையில் ஏற்றவே இல்லை. அந்த அம்மாவையும் கோபயாஷிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். "நீ நிஜமாகவே நல்ல பொண்ணு" என்று தலைமையாசிரியர் பார்க்கும்போதெல்லாம் சொன்னது அவளுக்குள் இறங்கியதற்கு, வீட்டில் யாரும் அதற்கு எதிராகச் சொல்லாததும் காரணம். தனக்குக் கற்றல் குறைபாடு இருந்திருக்கலாம் என்று குரோயாநாகியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1940-இல் அதற்கெல்லாம் பெயர் கிடையாது. பெயர் வைக்காமலே அதற்குத் தோதான பள்ளி நடந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டோமோயே சின்னத் தனியார் பள்ளி. டோட்டோ-சானின் அப்பா பேர்பெற்ற வயலின் கலைஞர். ஒன்பது பேர் வகுப்பை வைத்துக்கொண்டு செய்ததை நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு அல்லாடும் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரிடம் காட்டி, "பாருங்க, இவர் மாதிரி இருக்கக் கூடாதா?" என்று கேட்பது அநியாயம். இந்தப் புத்தகத்தை வைத்து ஆசிரியர்களைக் குத்திக்காட்டுகிறவர்கள் அந்த எண்ணிக்கையைச் சொல்வதே இல்லை. டோட்டோ-சானை நீக்கிய அந்த முதல் ஆசிரியையைக்கூடப் புத்தகம் வில்லியாகக் காட்டவில்லை, அவருடைய புலம்பலை முழுதாகக் கேட்கிறது. கேட்க வேண்டியது எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள், ஆசிரியருக்குப் படிக்கவும் முயன்று பார்க்கவும் எவ்வளவு காலம் கொடுக்கிறோம் என்பதை. கோபயாஷிக்கு ஐரோப்பாவுக்கு இரண்டு பயணங்கள் கிடைத்தன, சொந்தப் பள்ளி தொடங்கும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் காசு செலவில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியவையும் இதில் உண்டு: சாப்பாட்டு விதி, சமையலறைக் கண்டிப்பு, தினம் ஒரு பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் எழுந்து எதையாவது பேசுவது. சொல்ல ஒன்றுமே இல்லை என்று அடம்பிடித்த பையன், காலையில் எழுந்தேன், அப்புறம், அப்புறம் என்று இழுத்துக்கொண்டே போக, அவர் அதையும் ஒரு கதையாகவே கேட்டுக் கைதட்ட வைத்தது எந்த வகுப்பிலும் நடக்கலாம்.

கடைசிப் பகுதியில் போர் மெதுவாக உள்ளே வருகிறது. 1941-இல் ஜப்பானின் தொடக்கப் பள்ளிகள் எல்லாம் தேசியப் பள்ளிகளாக மாற்றப்பட்டு, பேரரசருக்கான விசுவாசம்தான் முதல் பாடம் என்று ஆனது. அந்த நேரத்தில் இப்படி ஒரு பள்ளியை எப்படி விட்டுவைத்தார்கள்? கோபயாஷிக்கு விளம்பரமே பிடிக்காது, பள்ளியைப் படம் எடுக்கக்கூட விடமாட்டார், சத்தம் இல்லாமல் நடத்தினார் என்பதைத்தான் குரோயாநாகி காரணமாகச் சொல்கிறார். போரைக் குழந்தை இல்லாமைகளாகத்தான் பார்க்கிறாள். ரயில் நிலையத்து மிட்டாய் இயந்திரத்தில் காசு போட்டால் மிட்டாய் வருவதில்லை. பிரியமான பள்ளி வேலையாள் பட்டாளத்துக்குப் போகிறார். இளம்பிள்ளை வாதம் வந்த யாசுவாகி, எல்லோருக்கும் தெரியாமல் அவள் உயிரைக் கொடுத்து ஏணி இழுத்து மரத்தில் ஏற்றிவிட்ட நண்பன், நோயில் இறந்துபோகிறான். 1945-இல் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் போட்ட குண்டில் ரயில் பெட்டிகள் எரிகின்றன. எரிவதைப் பார்த்துக்கொண்டே கோபயாஷி பக்கத்தில் நின்ற மகனிடம், அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று கேட்கிறார்.

அந்த அடுத்த தொடக்கப் பள்ளி வரவே இல்லை. போருக்குப் பிறகு அதே இடத்தில் மழலையர் பள்ளி நடத்தினார், குனிதாச்சி இசைக் கல்லூரியில் மழலையர் ஆசிரியர்களை உருவாக்கும் வேலையில் இருந்தார், 1963-இல் காலமானார். வளர்ந்ததும் டோமோயேவில் ஆசிரியையாக வருகிறேன் என்று சிறு வயதில் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்த குரோயாநாகி, அதற்குப் பதிலாகத்தான் இந்தப் புத்தகம் என்று பின்னுரையில் எழுதுகிறார். விற்ற பணத்தில் ஒரு அறக்கட்டளை தொடங்கிக் காது கேளாத நடிகர்களுக்கான நாடகக் குழுவை உருவாக்கினார், 1984-இல் யுனிசெஃபின் நல்லெண்ணத் தூதரானார். 2023-இல், நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, போரின்போது வடக்கே ஆமோரிக்கு இடம்பெயர்ந்த நாட்களிலிருந்து தொடங்கும் இரண்டாம் பாகத்தை எழுதினார். அதே வருஷக் கடைசியில் முதல் பாகம் அனிமேஷன் படமாகவும் வந்தது. பிள்ளைகளோடு பார்க்கலாம், ஆனால் புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் பாருங்கள். அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், ராத்திரிக்கு ஒன்று போதும்.